உங்கள் சர்வர் வழியே ஸ்பேம் போகிறதா? அறிகுறியைப் பார்த்து வாசலை அடைக்கும் வழிமுறை

செய்தி பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்: "நேற்று முதல் அனுப்பிய கொட்டேஷன் எல்லாம் திரும்பி வருகிறது சார், கொஞ்சம் பாருங்கள்." பதினெட்டு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்திலிருந்து அப்படி ஓர் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் சர்வரில், வெளியே போகக் காத்திருக்கும் வரிசையில் நாற்பதாயிரத்துக்கு மேல் அஞ்சல்கள். பெறுநர் முகவரிகள் எதுவும் அந்த அலுவலகத்துக்குத் தொடர்பில்லாதவை.

அன்று நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் வரிசை முழுவதையும் அழித்தேன். அஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் எனக்குத் தெரிந்த தடைகளையெல்லாம் அடுக்கினேன். வெளியிலிருந்து சோதித்தேன், ரிலே (வெளியார் அஞ்சலை வெளியாருக்குக் கடத்திவிடுவது) மறுக்கப்பட்டது; நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் காலையில் வரிசை மீண்டும் நிறைந்திருந்தது. கணக்குப் பிரிவில் ஒருவருடைய கடவுச்சொல் களவு போயிருந்தது. ஸ்பேம் அனுப்பியவன் முறைப்படி உள்நுழைந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தான். திருடன் கொல்லைப்புறமாக வந்துபோக, நான் தெருக்கதவுக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். அதைக் காட்டியிருக்கக்கூடிய ஆதாரத்தையும் நானே அழித்திருந்தேன்.

அதனால் இந்த வழிமுறை முழுவதும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: அந்த அஞ்சல் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது? விடை தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ் வகைகளான டெபியன் அல்லது உபுண்டுவில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு. கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம்: நிறுத்துங்கள், அழிக்காதீர்கள்

வெளியே போவதை நிறுத்த வேண்டும், ஆனால் வரிசையில் இருப்பது அப்படியே இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல் டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்புக்கு எஸ்எம்டிபி என்று மதிப்புக் கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். உள்ளூர்ப் பெட்டிகளுக்கு வரும் அஞ்சல் தடையின்றி வந்துகொண்டிருக்கும். வெளியே போக வேண்டியவை மட்டும் வரிசையில் காத்திருக்கும். இந்த நிலையில் போஸ்ட்கியூ கட்டளையை -எஃப் சுவிட்சுடன் அடித்துவிடாதீர்கள். தடுத்து வைத்ததையெல்லாம் அதுவே அனுப்பிவிடும்.

பிறகு போஸ்ட்கியூ -பி என்று அடித்து வரிசையைப் பாருங்கள். ஒவ்வோர் அஞ்சலுக்கும் முன்னால் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும். அதுதான் வரிசை எண். சந்தேகத்துக்குரிய ஐந்தாறு அஞ்சல்களைத் தேர்ந்தெடுத்து, போஸ்ட்கேட் -கியூ என்ற கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுத்தால் தலைப்பும் உடலுமாக முழு அஞ்சலும் தெரியும். அவற்றைத் தனிக் கோப்புகளில் சேமித்துவிடுங்கள்.

இப்போது அதே வரிசை எண்ணை, சர்வரின் நிகழ்வுப் பதிவேடான லாக் கோப்பில் தேடுங்கள். வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் மெயில்.லாக். டெபியன் 12-இல் அந்தக் கோப்பே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் அதில் இயல்பாக நிறுவப்படுவதில்லை, ஜர்னல்சிடிஎல் வழியே பார்க்கலாம். தேடி வரும் வரிகளில் முதல் வரியைத்தான் கவனிக்க வேண்டும். எங்கே போனது, ஏன் திரும்பியது என்பதையெல்லாம் பின்னால் வரும் வரிகள் சொல்லும். எப்படி நுழைந்தது என்பதை முதல் வரி மட்டுமே சொல்லும். அந்த வரியில் நீங்கள் காண்பது எதுவோ, அதற்கேற்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வெளியூர் ஐபி, உள்நுழைவு இல்லை, பெறுநரும் வெளியாள்

முதல் வரி, வெளி இணைப்புகளை வரவேற்கும் பகுதியான எஸ்எம்டிபிடியிலிருந்து வந்திருக்கிறது. கிளையன்ட்=அன்னோன்[203.0.113.45] என்பதுபோல ஒரு முகவரி இருக்கிறது, அதன் பின்னால், உள்நுழைந்தவரின் பெயரைக் காட்டும் சாஸ்ல்_யூசர்நேம் என்ற சொல் இல்லை. பெறுநர் உங்கள் டொமைனைச் சேர்ந்தவரும் இல்லை. அப்படியானால் உங்கள் சர்வர் திறந்த ரிலே. யார் எவருக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஒரு காலத்தில் அது குற்றமாக இருக்கவில்லை. 1982-இல் ஜான் போஸ்டெல் அஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையை எழுதியபோது, அடுத்தவர் அஞ்சலைக் கடத்திவிடுவது சர்வர்கள் ஒன்றுக்கொன்று செய்துகொண்ட உதவி. தொண்ணூறுகளில் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அந்த உதவியையே ஏணியாக்கிக்கொண்டார்கள். 1998-இல் வந்த சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளின் 8.9 பதிப்பு ரிலேயை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. இன்று எந்த அஞ்சல் மென்பொருளை நிறுவினாலும் அது மூடியேதான் வருகிறது. ஆகவே உங்கள் சர்வர் திறந்திருக்கிறது என்றால், யாரோ கை வைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எங்கே கை வைத்தார்கள் என்று பார்க்க, போஸ்ட்கான்ஃப் -என் என்று அடியுங்கள். மெயின்.சிஎஃப்-இல் எழுதி வைத்த அமைப்புகளை மட்டும் அது காட்டும். முதலில் மைநெட்வொர்க்ஸ். இந்தப் பட்டியலில் உள்ள ஐபிகளைச் சர்வர் கேள்வி கேட்காமல் நம்பும். இதில் 0.0.0.0/0, அதாவது எல்லா ஐபியும், என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பயணத்தில் இருந்த மேலாளரால் கைபேசியிலிருந்து அஞ்சல் அனுப்ப முடியவில்லை என்று யாரோ ஒருவர் செய்த அவசர வேலை அது. மேலாளருக்காகத் திறந்த கதவு உலகத்துக்கே திறந்தது. இவ்வளவு அப்பட்டமாக இல்லாமல், /24 என்று போட வேண்டிய இடத்தில் /8 என்று போட்டிருப்பதும் உண்டு. ஒரே எண்தான், ஆனால் 256 முகவரிகளுக்குப் பதில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை நம்புகிறீர்கள்.

மைநெட்வொர்க்ஸ் என்ற வரியே இல்லையென்றால் மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைல் என்ன மதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். 2015-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0-க்கு முன்னால் அதன் இயல்பு மதிப்பு சப்நெட். அதாவது, சர்வர் இருக்கும் வலையமைப்பில் உள்ள அனைவரும் நம்பிக்கைக்குரியவர்கள். அலுவலகத்துக்குள் அது பரவாயில்லை. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரான விபிஎஸ்ஸில் அக்கம்பக்கத்து ஐபிகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஹோஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். பழைய அமைப்புக் கோப்பை அப்படியே புதிய சர்வருக்குக் கொண்டுவந்தவர்கள் கம்பாட்டிபிலிட்டி_லெவல் என்ற வரியையும் பாருங்கள்; அது 2-க்குக் கீழே இருந்தால் புதிய பதிப்பும் பழைய பழக்கத்தையே தொடரும்.

அடுத்த சந்தேகம், அனுமதிகளின் வரிசை. எஸ்எம்டிபிடி_ரெசிபியன்ட்_ரிஸ்ட்ரிக்ஷன்ஸ் என்ற பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸ் இடமிருந்து வலமாகப் படிக்கும். "சரி" என்ற விடை கிடைத்த இடத்தில் நின்றுவிடும். செக்_சென்டர்_ஆக்சஸ் என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் சொந்த டொமைனுக்கு ஓகே என்று எழுதி, அதை ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷனுக்கு முன்னால் வைத்திருப்பார்கள். அனுப்புநர் முகவரி என்பது உறையின் மேல் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடியது. உங்கள் டொமைனைப் பொய்யாக எழுதிக்கொண்டு வருகிறவனுக்கெல்லாம் அந்த ஓகே கதவைத் திறந்துவிடும். ஹீலோ பெயரை (இணைகிற சர்வர் தன் பெயர் என்று சொல்லிக்கொள்வது) பார்த்து ஓகே கொடுப்பதும் அதே ஆபத்துதான்.

2.10 பதிப்பிலிருந்து இதற்கென்றே எஸ்எம்டிபிடி_ரிலே_ரிஸ்ட்ரிக்ஷன்ஸ் என்று தனிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பேம் வடிகட்டும் விதிகளில் நீங்கள் எதைக் குழப்பினாலும் ரிலே விதி குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதில் மூன்று சொற்கள் போதும்: பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ், பெர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன். வேறு எதையும் இங்கே நுழைக்காதீர்கள். சிலர் அந்த வரியையே வெற்றாக விட்டு, பழைய பட்டியலையே நம்பியிருப்பார்கள். அப்படியிருந்தால் இந்த மூன்றையும் எழுதி நிரப்புங்கள்.

அறிகுறி: ஐபி உள்ளூர்போலத் தெரிகிறது, ஆனால் அங்கிருந்து யாரும் அனுப்பவில்லை

என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லாக்கில் கிளையன்ட் 172.17.0.1 என்றோ, 192.168.1.1 என்றோ இருக்கும். உள்வலையமைப்பின் முகவரி, மைநெட்வொர்க்ஸில் முறையாகச் சேர்க்கப்பட்டதும்கூட. எந்தக் கணினி என்று தேடிப் போனால் அது கணினியே இல்லை, ரவுட்டர், அல்லது மென்பொருளைத் தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரின் வலையமைப்புப் பாலம்.

நடப்பது இதுதான். வெளியிலிருந்து 25-ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்பை ஃபயர்வால் உள்ளே இருக்கும் அஞ்சல் சர்வருக்குத் திருப்பிவிடுகிறது. திருப்பும்போது அனுப்பியவரின் ஐபியை அப்படியே விட வேண்டும். முகவரியை மாற்றியெழுதும் மாஸ்கரேட் விதி கொஞ்சம் அகலமாக எழுதப்பட்டிருந்தால் அந்த ஐபியை அழித்துவிட்டுத் தன் ஐபியை எழுதிவிடும். சர்வர் பார்க்கும்போது உலகம் முழுவதும் 192.168.1.1-இலிருந்து பேசுகிறது. 192.168.1.0/24 நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்பில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை, ஆனாலும் சர்வர் திறந்த ரிலே.

டாக்கரில் இதைவிட நுட்பமான ஒரு வலை இருக்கிறது. பழைய முகவரி வகையான ஐபிவி4 வழி இணைப்புகள் பொதுவாக உண்மையான ஐபியோடுதான் கன்டெய்னருக்குள் வந்து சேரும். சர்வருக்குப் புதிய வகையான ஐபிவி6 முகவரியும் இருந்து, கன்டெய்னரின் வலையமைப்பில் ஐபிவி6 இயக்கப்படாமல் இருந்தால், ஐபிவி6 வழியே வருகிறவர்களை டாக்கரின் இடைத்தரகரான ப்ராக்ஸி வாங்கி, பாலத்தின் முகவரியைப் போட்டு உள்ளே அனுப்பும். ஐபிவி4 வழியே நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் "மூடியிருக்கிறது" என்றே சொல்லும். ஐபிவி6 பக்கம் கதவு விரியத் திறந்து கிடக்கும்.

சோதிப்பது எளிது. உங்கள் கைபேசியின் மொபைல் இணைப்பிலிருந்தோ வேறோர் ஊரில் உள்ள விபிஎஸ்ஸிலிருந்தோ ஓர் இணைப்பு ஏற்படுத்துங்கள். அதே நேரம் லாக்கில் "கனெக்ட் ஃப்ரம்" என்ற வரியைப் பாருங்கள். உங்கள் வெளி ஐபி தெரிந்தால் சரி. உள்முகவரி தெரிந்தால் வாசலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதையே ஐபிவி6 வழியாகவும் ஒருமுறை செய்யுங்கள்.

உடனடி மருந்து, மைநெட்வொர்க்ஸை 127.0.0.0/8, [::1]/128 என்ற இரண்டோடு (சர்வர் தன்னோடு தானே பேசும் முகவரிகள்) நிறுத்தி, மற்ற எல்லோரையும் கடவுச்சொல் கொடுத்து அனுப்பச் சொல்வது. பழைய ஸ்கேனர், பிரின்டர்போல உள்நுழையத் தெரியாத கருவி இருந்தால் அதன் ஒற்றை ஐபியை மட்டும் /32 என்று சேருங்கள். நிரந்தர மருந்து, திருப்பிவிடும் இடத்தில் அனுப்பியவரின் ஐபி அழியாமல் பார்த்துக்கொள்வது. முன்னால் ஹெச்ஏப்ராக்ஸி என்ற இடைத்தரகர் மென்பொருளை வைத்திருப்பவர்கள் இரு பக்கமும் ப்ராக்ஸி நெறிமுறையை இயக்க வேண்டும்; போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் அதற்கு எஸ்எம்டிபிடி_அப்ஸ்ட்ரீம்_ப்ராக்ஸி_ப்ரோட்டோகால் என்ற அமைப்பு இருக்கிறது.

அறிகுறி: முதல் வரியில் சாஸ்ல்_யூசர்நேம் இருக்கிறது

கிளையன்ட்=அன்னோன்[198.51.100.23], சாஸ்ல்_மெத்தட்=லாகின், சாஸ்ல்_யூசர்நேம்=அக்கவுண்ட்ஸ். நான் அழித்துவிட்ட அந்த நாற்பதாயிரத்துக்கும் லாக்கில் இந்த வரிதான் இருந்தது. மறுநாள் புதிதாக நிறைந்த வரிசையின் எண்களை லாக்கில் தேடியபோதுதான் கண்ணில் பட்டது. ஒரே பயனர் பெயர். சில நிமிடங்களுக்குள் வெவ்வேறு நாட்டு ஐபிகள். இது திறந்த ரிலே அல்ல, களவுபோன சாவி. ரிலே விதிகளை எவ்வளவு இறுக்கினாலும் இதை நிறுத்தாது.

கடவுச்சொல்லை மாற்றினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே உள்நுழைந்து திறந்து வைத்திருக்கும் இணைப்பில் அவன் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பான். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் டவ்காட் மென்பொருளில் கேஷ் (தற்காலிக நினைவு) வைத்திருந்தால் பழைய கடவுச்சொல்லும் சிறிது நேரம் செல்லும். எனவே கடவுச்சொல்லை மாற்றுங்கள். டவ்ஆட்ம் ஆத் கேஷ் ஃப்ளஷ் என்று அடித்து கேஷைக் காலி செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் அல்ல, நிறுத்தித் தொடங்குங்கள். அதன்பின் அந்தப் பயனரின் பெட்டிக்குள் போய், வெளியாருக்கு அஞ்சலைத் திருப்பிவிடும் விதி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக அவருடைய கணினி. கடவுச்சொல் அங்கிருந்து களவாடப்பட்டிருந்தால் புதியதும் அதே வழியில் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். கடவுச்சொல் களவுபோனவரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். அன்று அந்தக் கணக்குப் பிரிவு அம்மா, "நான் எதுவும் செய்யவில்லை தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையாகவே அவர் எதுவும் செய்யவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கடவுச்சொல்லே நிறுவனத்தின் பெயரும் 123-ம்தான். கொடுத்தது நிர்வாகம். யாரும் எப்போதும் மாற்றச் சொல்லவில்லை. பயந்துபோன ஊழியர் அடுத்த முறை சந்தேகத்துக்குரிய அஞ்சலைத் திறந்துவிட்டால் உங்களிடம் சொல்ல மாட்டார். சொன்னால்தான் சீக்கிரமாகப் பிடிக்க முடியும்.

இனி வராமலிருக்கச் செய்ய வேண்டியவை. கடவுச்சொல் சரிபார்ப்பை 25-ஆம் போர்ட்டில் அறவே நிறுத்துங்கள். அந்தப் போர்ட், மற்ற சர்வர்கள் உங்களுக்கு அஞ்சல் கொண்டுவந்து கொடுக்கும் இடம். அங்கே பயனர்களுக்கு வேலையில்லை. மெயின்.சிஎஃப்-இல் எஸ்எம்டிபிடி_சாஸ்ல்_ஆத்_எனேபிள் என்பதற்கு நோ கொடுத்து, மாஸ்டர்.சிஎஃப்-இல், பயனர்கள் அஞ்சல் அனுப்பும் 587, 465 ஆகிய போர்ட்டுகளுக்கான பகுதியில் மட்டும் யெஸ் என்று மாற்றுங்கள். கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்கும் கூட்டம் 25-ஐயும் தட்டும். அங்கே பூட்டே இல்லாத சுவர் மட்டும் இருக்கட்டும். 587, 465 போர்ட்டுகளில் ரிலே விதி இரண்டே சொற்களாக இருக்க வேண்டும்: பெர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட். எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_ஆத்_ஒன்லி என்பதற்கு யெஸ் கொடுங்கள்; இணைப்பு மறையாக்கப்பட்ட பிறகே கடவுச்சொல் கேட்கும். மீண்டும் மீண்டும் தவறான கடவுச்சொல்லோடு வருகிற ஐபிகளை ஃபெயில்2பேன் என்ற தடுப்புக் கருவி பார்த்துக்கொள்ளும்.

இரண்டு அமைப்புகளை நான் எப்போதும் வலியுறுத்துவேன். ஒன்று, எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ் பட்டியலோடு ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் விதியைச் சேர்ப்பது: கணக்குப் பிரிவுப் பெயரில் உள்நுழைந்தவர் கணக்குப் பிரிவு முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியும். இதனால் களவு முற்றிலும் நிற்காது. ஆனால் சாவி போனது உடனே வெளிச்சத்துக்கு வரும். இன்னொன்று, வேகத் தடை. எஸ்எம்டிபிடி_கிளையன்ட்_மெசேஜ்_ரேட்_லிமிட் என்பதில் ஓர் ஐபி ஒரு நிமிடத்துக்கு எத்தனை அஞ்சல் கொடுக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். இது ஐபியை எண்ணுகிறதே தவிர பயனரை எண்ணுவதில்லை. நூறு ஐபிகளிலிருந்து வருகிறவனை முழுதாகப் பிடிக்காது. பயனர்வாரியாக எண்ண வேண்டுமென்றால் தனிப் பாலிசி சேவை (அஞ்சலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் துணை மென்பொருள்) ஒன்று நிறுவ வேண்டும்.

அறிகுறி: முதல் வரி பிக்கப்பிலிருந்து வருகிறது

பிக்கப் என்றும், அதில் யூஐடி=33 என்றும் இருந்தால் அஞ்சல் வெளியிலிருந்து வரவே இல்லை. உங்கள் இயந்திரத்துக்குள்ளேயே பிறந்திருக்கிறது. டெபியனில் 33 என்பது இணைய சர்வரின் பயனர் எண். ஏதோ ஒரு இணையதளத்தின் பிஎச்பி கோப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

எந்தக் கோப்பு? பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐ-யில் மெயில்.ஆட்_எக்ஸ்_ஹெடர் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் போஸ்ட்கேட் கொண்டு சேமித்து வைத்த அஞ்சலின் தலைப்பில் எக்ஸ்-பிஎச்பி-ஒரிஜினேட்டிங்-ஸ்கிரிப்ட் என்ற வரி இருக்கும். அதிலேயே கோப்பின் பெயர் இருக்கும். வரிசையை அழிக்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னது இதற்காகவும்தான். அந்த அமைப்பு இயங்கவில்லையென்றால் இப்போது இயக்குங்கள். கூடவே பிஎச்பி.ஐஎன்ஐ-யிலேயே உள்ள மெயில்.லாக் என்ற அமைப்புக்கு ஒரு கோப்பின் பாதையைக் கொடுங்கள். அடுத்த அஞ்சல் போகும்போது எந்த ஸ்கிரிப்ட், எத்தனையாவது வரி என்பது பதிவாகிவிடும்.

கோப்பு, படங்கள் ஏற்றும் கோப்புறைக்குள் விநோதமான பெயரோடு கிடந்தால் தளம் உடைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிட்டுப் போகாதீர்கள். நுழைந்தவன் ஒரு கோப்போடு நிறுத்தியிருக்க மாட்டான். நல்ல பிரதியிலிருந்து தளத்தை மீட்டெடுங்கள். மாறாக அது உங்கள் சொந்தத் தொடர்புப் படிவமாக இருந்தால், பெயர், மின்னஞ்சல் கட்டங்களில் புதிய வரிக் குறியைச் செருகிக் கூடுதல் பெறுநர்களைச் சேர்க்கிறார்களா என்று பாருங்கள்.

இணைய சர்வருக்கு நேரடியாக அஞ்சல் போடும் உரிமையே தேவையில்லையென்றால் ஆதரைஸ்ட்_சப்மிட்_யூசர்ஸ் என்ற அமைப்பில் அந்தப் பயனர் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு விலக்கி, பின்னால் ஸ்டாடிக்:ஆல் என்று எழுதுங்கள். தளங்கள் 587 வழியே, தமக்கென்று தனிக் கணக்கோடு அனுப்பட்டும்.

கிளையன்ட்=லோக்கல்ஹோஸ்ட்[127.0.0.1] என்று வந்தால் முதலில் வெப்மெயிலைச் சந்தேகப்படுங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சைப் பாருங்கள். எஸ்எஸ்எச் கணக்கு ஒன்று கைக்குக் கிடைத்தவன் சுரங்கம் அமைத்து உங்கள் 25-ஆம் போர்ட்டோடு உள்ளிருந்தே பேச முடியும்; அந்தக் கணக்குக்கு ஷெல் (கட்டளை அடிக்கும் வசதி) இல்லாவிட்டாலும்கூட. எஸ்எஸ்எச்டி அமைப்பில் அலவ்டிசிபிஃபார்வர்டிங் என்பதை நோ என்று வைத்தால் அந்தச் சுரங்கம் அடைபடும்.

அறிகுறி: வரிசை முழுக்க மெயிலர்-டீமன்

அனுப்புநர் இடத்தில் உங்கள் சர்வரே நிற்கிறது. இது ரிலே அல்ல. இல்லாத பெயர்களுக்கு வரும் ஸ்பேமை உங்கள் சர்வர் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று, அனுப்புநராக எழுதப்பட்டிருந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த முகவரி பொய். அதற்குரிய அப்பாவிக்கு உங்கள் மறுப்புக் கடிதங்கள் குவிகின்றன. அவர் பார்வையில் ஸ்பேம் அனுப்புவது நீங்கள்தான்.

இல்லாத பெறுநரை வாசலிலேயே மறுக்க வேண்டும், வாங்கியபின் அல்ல. லோக்கல்_ரெசிபியன்ட்_மேப்ஸ் வெற்றாக விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இன்னொரு சர்வருக்குக் கடத்துகிறீர்கள் என்றால் ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸில் உண்மையான முகவரிகளை நிரப்புங்கள். முதன்மைச் சர்வர் படுத்தால் அஞ்சலை வாங்கிவைக்க நிறுவி, பிறகு மறந்துபோன இரண்டாம் எம்எக்ஸ் சர்வர்தான் பல இடங்களில் காரணம். அதற்குப் பயனர் பட்டியல் தெரியாது, எல்லாவற்றையும் வாங்கிவிடும். பராமரிக்க ஆளில்லாத இரண்டாம் எம்எக்ஸை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. முதன்மைச் சர்வர் சில மணி நேரம் படுத்தாலும் அனுப்பும் சர்வர்கள் காத்திருந்து மீண்டும் முயலும்.

அறிகுறி: வரிசையும் லாக்கும் சுத்தம், ஆனாலும் ஐபி கறுப்புப் பட்டியலில்

ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் அலுவலகம் முழுவதும் இருக்கும் இடங்களில் இது சாதாரணம். வரவேற்பறைக் கணினியில் புகுந்த வைரஸ் அஞ்சல் சர்வரைத் தொடாமல் நேரடியாக உலகத்தின் 25-ஆம் போர்ட்டுகளோடு பேசுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஐபி. கறுப்புப் பட்டியல்களைப் பராமரிக்கும் ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின் எக்ஸ்பிஎல் பட்டியலில் உங்கள் ஐபி இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் பிபிஎல் பட்டியல் வேறு வகை; இந்த ஐபியிலிருந்து நேரடியாக அஞ்சல் வரக்கூடாது என்ற கொள்கைப் பட்டியல் அது, குற்றப் பட்டியல் அல்ல.

ஃபயர்வாலில் ஒரே விதி போதும்: 25-ஆம் போர்ட்டில் வெளியே போக அஞ்சல் சர்வருக்கு மட்டும் அனுமதி, மற்ற எல்லோருக்கும் தடை, தடுத்தவற்றுக்கு லாக். அந்த லாக்கில் சில நிமிடங்களிலேயே குற்றவாளிக் கணினியின் உள்முகவரி வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அனுப்பாத அஞ்சல்களுக்கு மறுப்புக் கடிதங்கள் உங்கள் பெட்டிக்கு வந்து குவியும், ஆனால் உங்கள் சர்வரிலிருந்து எதுவும் போயிருக்காது, ஐபியும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. மறுப்புக் கடிதத்தோடு வரும் மூல அஞ்சலின் ரிசீவ்ட் வரிகளைப் பாருங்கள். உங்கள் ஐபி அதில் இல்லையென்றால் வேறு எங்கிருந்தோ உங்கள் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். சர்வரில் செய்ய ஒன்றுமில்லை; உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில், உண்மையான அஞ்சலை அடையாளம் காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் முறையாக எழுதுங்கள்.

அடைத்தாயிற்று என்று எப்படி உறுதிசெய்வது

உள்வலையமைப்பிலிருந்து சோதித்தால் விடை பொய்யாக வரும். உங்களை சர்வர் நம்பத்தானே செய்யும். வெளியிலிருந்து சோதியுங்கள். வீட்டு இணைப்புகள் பலவற்றில் 25-ஆம் போர்ட் அடைபட்டிருக்கும்; வெளியூர் விபிஎஸ் ஒன்றிலிருந்து டெல்நெட் மூலம் இணையுங்கள். 220 என்று வரவேற்பு வந்ததும் ஈஹெச்எல்ஓ (அறிமுகக் கட்டளை) சொல்லுங்கள். மெயில் ஃப்ரம் என்று வெளி முகவரி ஒன்று, ஆர்சிபிடி டூ என்று உங்களுடைய இன்னொரு வெளி முகவரி. 554 5.7.1, ரிலே ஆக்சஸ் டினைட் என்று வந்தால் கதவு மூடியிருக்கிறது. 454 4.7.1 என்று வந்தாலும் அஞ்சல் உள்ளே வரவில்லை. ஆனால் எதிராளி மீண்டும் மீண்டும் முயல்வான், ஆகையால் டிஃபர் என்றிருக்கும் விதியை ரிஜெக்ட் என்று மாற்றிவிடுங்கள். 250 வந்தால் இன்னும் திறந்திருக்கிறது, மேலே போய் மீண்டும் தொடங்குங்கள்.

ஒரு சோதனையோடு விடாதீர்கள். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைனை எழுதி ஒருமுறை. பெறுநர் முகவரியில் அட் குறிக்குப் பதில் சதவீதக் குறி போட்டு, பின்னால் உங்கள் டொமைனைச் சேர்த்து ஒருமுறை. பழைய தந்திரம், இன்றும் முயல்கிறார்கள். ஐபிவி6 வழியே ஒருமுறை.

எல்லாம் மறுக்கப்பட்ட பிறகு வரிசையைச் சுத்தம் செய்யலாம். போஸ்ட்சூப்பர் -டி ஆல் என்பது அனைத்தையும் அழித்துவிடும். உண்மையான கொட்டேஷன்களும் அதில்தான் இருக்கின்றன. போஸ்ட்கியூ -பி தரும் பட்டியலிலிருந்து குற்றவாளி அனுப்புநரின் வரிசை எண்களை மட்டும் பிரித்து, போஸ்ட்சூப்பர் -டி கட்டளைக்கு ஒற்றைக் கோட்டுக்குறி கொடுத்து அதற்குள் செலுத்துங்கள். மிச்சம் இருப்பவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பின்பு டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் வரியை எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

கறுப்புப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் விண்ணப்பம் இதற்கெல்லாம் பிறகுதான். வாசலை அடைக்காமல் விண்ணப்பித்து, நீக்கிய மறுநாளே மீண்டும் பட்டியலில் ஏறினால் அடுத்த விண்ணப்பத்தை எளிதில் நம்ப மாட்டார்கள். பிறகு குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலை ஒன்று எழுதுங்கள்: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் எத்தனை அஞ்சல் என்று எண்ணி, வழக்கமான அளவைத் தாண்டினால் உங்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்பட்டும். பதினெட்டு பேர் அலுவலகத்துக்கு நான் வைத்த எல்லை ஐம்பது. அந்தச் செய்தியை அஞ்சல் வழியே அனுப்பாமல் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். வரிசை அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த எச்சரிக்கையும் அதே வரிசையில்தான் போய் நிற்கும்.